விண்மீன் வெளிச்சத்தாலேயே விண்மீனை அணைப்பது எப்படி?

சூரியனை அல்லாமல் வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்கள் ஆறாயிரத்துக்கு மேல் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே, ஒன்றையாவது போட்டோ எடுத்திருக்கிறார்களா என்று மார்த்தாண்டத்திலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

எடுத்திருக்கிறார்கள், ஆனால் நூறுகூடத் தேறாது. 2008-இல் எச்.ஆர். 8799 என்ற விண்மீனின் மூன்று கோள்கள் படத்தில் சிக்கின, 2010-இல் நான்காவதும். இந்த நான்குமே வியாழனைவிடக் கனமான, பிறந்த சூடு ஆறாத இளம் கோள்கள். அந்தச் சூட்டில் அகச்சிவப்பில் ஒளிர்வதால் அகப்பட்டன. பூமியின் கதை வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் அது சூரியனைவிட 1,000 கோடி மடங்கு மங்கல்.

சரி, விண்மீனை மறைத்துவிட்டால்? கரோனாகிராஃப் என்ற கருவி அதைத்தான் செய்கிறது. சூரியனைச் சூழ்ந்த மங்கலான வெளி வளிமண்டலமான கரோனாவைப் பார்க்க, பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ 1930-களில் உருவாக்கியது. ஆனால் தொலைநோக்கிக் கண்ணாடியில் நானோமீட்டர் அளவுக்கு மேடுபள்ளம் இருந்தாலும் மிச்ச ஒளி சிதறி, கோள் மாதிரியே புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அந்தப் புள்ளிகளை அணைக்கும் வித்தைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னமுட்டம் துறைமுகத்தில் அலைத்தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் அலை, எதிரே வரும் அலையைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். முகடும் பள்ளமும் சேரும் இடத்தில் தண்ணீர் ஒரு கணம் மட்டமாகிவிடும். ஒளியும் அலைதான். எதிரலையைச் சேர்த்தால் வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்து இருட்டாகும்!

சிக்கல் என்னவென்றால், கேமராவுக்கு ஒளியின் அளவுதான் தெரியும். அலை முகட்டில் இருக்கிறதா பள்ளத்திலா என்பது தெரியாது. அதனால் வளையும் கண்ணாடி ஒன்றை வைத்து, அதை வேண்டுமென்றே லேசாக நெளித்துப் பார்க்கிறார்கள். ஒரு புள்ளி பிரகாசமானால், நாம் சேர்த்த அலை அதோடு ஒத்துப்போகிறது. மங்கினால், எதிராகப் போகிறது. இப்படிச் சில நெளிவுகளிலேயே கணினி கணக்குப் போட்டுவிடும். அப்புறம் கண்ணாடி அதற்கேற்ற வடிவத்துக்கு வளையும், புள்ளிகள் மங்கும். மறுபடி நெளிவு, மறுபடி கணக்கு. சுற்றுக்குச் சுற்று விண்மீனின் பக்கத்தில் ஒரு பகுதி கருத்துக்கொண்டே போகும். கோளின் ஒளி மட்டும் இந்த ஆட்டத்துக்கு அசையாது. விண்மீனின் நேரடி ஒளியோடு அது தாளம் சேராது. அசையாமல் நிற்பதே கோளின் அடையாளம்.

2027 மே மாதத்துக்குள் ஏவ நாசா திட்டமிட்ட ரோமன் விண்வெளித் தொலைநோக்கியின் கரோனாகிராஃபில் இப்படி இரண்டு கண்ணாடிகள் உண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் 48-க்கு 48 என்ற வரிசையில் கண்ணாடியை வளைக்கும் 2,304 நுண் உந்திகள். ஆனால் இந்தக் கரோனாகிராஃப் வெள்ளோட்டம் மட்டுமே என்பதால், முதல் 18 மாதங்களில் ஏறத்தாழ 90 நாள் நேரமே ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு இது போதாது என்றே படுகிறது. இதன் குறி வியாழன் போன்ற கோள்கள்தான். பூமி போன்றதைப் பிடிக்க இருட்டை இன்னும் பல மடங்கு ஆழமாக்க வேண்டும். அதற்கான பாடம் முழுவதையும் இந்த வெள்ளோட்டத்தில்தான் படித்தாக வேண்டும்.