வழுக்கி விழுந்த அன்று பில் வாங்கினீர்களா?

கடையிலோ ஹோட்டலிலோ வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர் வழக்கறிஞரான என்னிடம் வழக்குப் போட வரும்போது, பெரும்பாலும் மகனோ மருமகனோ இணையத்தில் படித்துவிட்டுக் கூடவே வருவார். அமெரிக்காவில் இதற்குக் கோடிக்கணக்கில் கிடைத்ததாமே என்பார். நான் முதலில் கேட்பது, "அன்று வாங்கிய பில் இருக்கிறதா?" அவருக்கு முகம் வாடிவிடும்.

கட்டடத்தை வைத்திருப்பவரின் பொறுப்புக்கென்று இங்கிலாந்தில் 1957-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படியொன்று இல்லை. அதனால் எந்த உரிமையில் அங்கே போனீர்கள் என்பதைப் பொறுத்து வழக்கு போகும் இடம் மாறும். செலவும் காலக்கெடுவும் அதோடு மாறும்.

பணம் கொடுத்துச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; பணம் கொடுத்ததற்குச் சான்றுதான் அந்த பில். எதிர்த்தரப்பு எங்கிருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. கெடு 2 ஆண்டுகள். மண்டபத்துக்கு வாடகை கொடுத்தது மாப்பிள்ளை வீட்டார், விழுந்தது விருந்தாளி என்றாலும், பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரும் நுகர்வோரே என்று வாதாட வழியுண்டு.

பக்கத்து வீட்டு மதில் சரிந்து காலில் விழுந்தால் இந்த வழி கிடையாது. சிவில் நீதிமன்றம்தான். அங்கே கட்டணத்தை மாநிலச் சட்டம் நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டில் 2017-இல் அதை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்படியும் 20 லட்சம் கேட்டால் 60,000 ரூபாய் கட்ட வேண்டும். நியாயமான தொகையைக் கேட்கவே பலர் தயங்குவது இதனால்தான். வசதியற்றவர், கட்டணம் கட்டாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்டு, பாப்பர் மனுப் போடலாம்; ஆனால் அவரிடம் பணமில்லை என்பதை முடிவுசெய்யவே ஒரு விசாரணை நடக்கும்!

உயிரிழப்பு என்றால் 1855-ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காக மட்டுமே கேட்க முடியும்; கூடப்பிறந்தவர்களுக்கு இடமில்லை. கெடு, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.

எவ்வளவு இழப்பீடு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லச் சொல்லாதீர்கள். 1997-இல் 59 பேர் இறந்த டெல்லி உப்ஹார் திரையரங்குத் தீவிபத்தில், 20 வயதைக் கடந்தவர்களுக்கு உயர் நீதிமன்றம் 18 லட்சம் வழங்கியது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை 10 லட்சமாக்கியது.

கவனக்குறைவை நிரூபிப்பது பொதுவாக அடிபட்டவர் பொறுப்பு. டெல்லி சாந்தினி சௌக் கடிகாரக் கோபுரம் 1951-இல் இடிந்த வழக்கிலோ, இடிந்து விழுந்ததே சான்று என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஈரத் தரைக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். தரை பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆகவே அன்றே படம் எடுங்கள், விழுந்த விவரம் மருத்துவமனைப் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராப் பதிவை அழிக்கக் கூடாது என்று அந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று சுவரில் பலகை இருந்தால், அதையும் சேர்த்தே படமெடுங்கள். அந்த ஒரு வரியால் கவனக்குறைவுக்கான பொறுப்பு தானாக நீங்கிவிடாது.