விற்ற கணினியோடு உங்கள் கோப்புகளும் போய்விட வேண்டாம்

தொலைந்த கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் வேலை. தவறுதலாக அழிந்த குழந்தைப் படங்கள், ஃபார்மட் ஆகிப்போன ஆய்வேடு என்று கலங்கி வருபவர்களிடம் "இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்று சொல்ல முடிகிற நாள் எனக்கு நல்ல நாள். ஆனால் இதே வேலைதான் எனக்கு ஒரு பயத்தையும் கொடுத்திருக்கிறது. நான் பயன்படுத்தும் மீட்பு மென்பொருள்களில் சில இலவசமானவை. ஃபோட்டோரெக், ரெக்குவா போன்றவற்றை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் பழைய கணினியை வாங்குபவரும்தான்.

ஒருமுறை ஒருவர், பழையதாக வாங்கிய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அவர் கோப்புகள் சில காணாமல் போயிருந்தன. மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன், கிடைத்தன. கூடவே அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பமும் திரையில் வந்து நின்றது. கடவுச்சீட்டின் ஸ்கேன், சம்பளச் சீட்டுகள், ஒரு மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் படங்கள். முந்தைய உரிமையாளர் கவனமில்லாதவர் அல்ல. ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுத்தான் விற்றிருக்கிறார். எல்லாம் அழிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்திருப்பார். அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் எனக்கு மனம் கனத்தது. வாங்கியவரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு அந்தக் குடும்பத்தின் கோப்புகள் அத்தனையையும் முறையாக அழித்தேன்.

டிஸ்க்கில் கோப்பு ஓரிடத்திலும், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு வேறோரிடத்திலும் இருக்கும். டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், போவது அந்தக் குறிப்புதான். "இந்த இடத்தில் இனி வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம்" என்று பதிவாகும், அவ்வளவே. க்விக் ஃபார்மட்டும் குறிப்பேட்டைத்தான் புதிதாகத் தொடங்குகிறது. புதிதாகப் போட்ட விண்டோஸ் பிடிப்பது சில பத்து ஜிபி. 500 ஜிபி டிஸ்க்கில் மீதி இடமெல்லாம் பழையபடியே கிடக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. எம்.ஐ.டி.யில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கி ஆராய்ந்து, 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12.

சரி, என்ன செய்வது? முதலில், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கமே பெரும்பாலும் சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் யாரோ சொன்ன வழியைப் பின்பற்றுவதில்தான் பாதித் தவறு நடக்கிறது.

ஹார்ட் டிஸ்க் என்றால் வேலை எளிது. முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால், அதாவது பழைய தரவின் மேலேயே வேறு எதையாவது எழுதி நிரப்பினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்று இன்றும் என்னிடம் சொல்பவர்கள் உண்டு. அது 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. அன்றைய பல வகை டிஸ்க்குகளையும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு 35 முறை பொருளற்றது என்று அவரே பின்னர் விளக்கிவிட்டார். ஷ்ரெட்ஓஎஸ் போன்ற டிஸ்க் அழிக்கும் மென்பொருள் ஒன்றை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி ஓடவிடுங்கள். டிஸ்க் பெரிதாக இருந்தால் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். தொடங்கும் முன் பேக்கப் வைத்திருக்கும் வெளி டிஸ்க்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். பழையதை அழிக்கப் போய் பேக்கப்பையே அழித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். முழுவதும் மேலெழுதிய டிஸ்க்கில் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்.எஸ்.டி. கதை வேறு. தரவைச் சேமிக்கும் அதன் செல்கள் எழுத எழுதத் தேயும். அதனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல், உள்ளிருந்து அதை நடத்தும் கன்ட்ரோலர் சிப் தன் இஷ்டப்படி இடம் மாற்றி எழுதும். கணினியின் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. ஆகவே நீங்கள் மேலெழுதியதாக நினைக்கும் கோப்பின் பழைய பிரதி வேறொரு மூலையில் இருக்கலாம். டெலீட் செய்தாலே ட்ரிம் என்ற கட்டளை போய், கொஞ்ச நேரத்தில் தரவு அழிந்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். மீட்பு வேலையில் எனக்கே எஸ்.எஸ்.டி. பலமுறை கைவிரித்திருக்கிறது. ஆனால் எப்போதும் அப்படி நடக்கும் என்று நம்பி விற்க முடியாது. டிஸ்க் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கட்டளை ஒன்று உண்டு, செக்யூர் இரேஸ் என்பார்கள். கணினி துவங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் மெனுவிலோ, தயாரிப்பாளர் தரும் மென்பொருளிலோ இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதையெல்லாம்விட நான் விரும்புவது என்க்ரிப்ஷன், அதாவது தரவைச் சங்கேதமாக்கிப் பூட்டி வைப்பது. விண்டோஸின் பிட்லாக்கரோ மேக்கின் ஃபைல்வால்ட்டோ முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தால், டிஸ்க்கில் இருப்பதெல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாத குப்பை. சாவியை அழித்தால் போதும். ஒருநாள் கணினி திடீரென்று படுத்து, எதையும் அழிக்க வழியில்லாமல் போனாலும் பயமில்லை. ஏற்கெனவே பயன்படுத்திய கணினியில் பிட்லாக்கரைப் போடுவதானால், பயன்படுத்திய இடத்தை மட்டும் என்று இல்லாமல் முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள். பூட்டைத் திறக்க உதவும் ரெகவரி கீயை வேறிடத்தில் பத்திரமாக வையுங்கள், அது இல்லாவிட்டால் உங்களாலும் திறக்க முடியாது.

அப்புறம், விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' செய்பவர்கள் 'ரிமூவ் எவ்ரிதிங்'கோடு நின்றுவிடுகிறார்கள். அங்கேயே அமைப்புகளை மாற்றும் இடத்தில் 'க்ளீன் டேட்டா' என்று ஒன்று இருக்கிறது, வழக்கமாக அணைந்தே இருக்கும். அதை இயக்குங்கள். வீட்டுக் கணினிக்கு அது போதும். வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள அலுவலகக் கணினிக்கு நான் அதை மட்டும் நம்ப மாட்டேன். மேக்கில், ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ளவற்றிலும் டி2 சிப் உள்ளவற்றிலும், மேக்ஓஎஸ் மான்ட்டரே பதிப்பு முதல் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' வந்துவிட்டது, அது நன்றாகவே செய்கிறது.

அழித்த பிறகு, முடிந்தால் நீங்களே ஃபோட்டோரெக்கை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் படம் ஒன்றுகூட வரக்கூடாது.

கணினி ஆன் ஆகவே இல்லை, மேலே சொன்ன எதையும் செய்ய வழியில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள். இறந்த கணினியில் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், நான் தினமும் பார்க்கிறேன். சில மெல்லிய மடிக்கணினிகளில் எஸ்.எஸ்.டி. போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்ற வராது. அதில் என்க்ரிப்ஷனும் இல்லையென்றால் அந்தக் கணினியை விற்காதீர்கள்.