சொல் விளக்கம்: வுல்காத்தா

லத்தீன் விவிலியத்துக்கு வுல்காத்தா என்று பெயர். ஆங்கிலம் வழியே அறிந்தவர்கள் வல்கேட் என்பார்கள். லத்தீனில் 'வுல்குஸ்' என்றால் கூட்டம், பாமர மக்கள். அதிலிருந்து பிறந்த வினை 'வுல்காரே', ஊரெங்கும் பரப்புதல். பரப்பப்பட்டது 'வுல்காத்தா'. இதே வேர்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'வல்கர்' என்று கெட்டுப்போனது.

பாமரருக்குப் புரிகிற லத்தீனில் ஜெரோம் என்ற பழங்காலக் கிறித்தவ அறிஞர் பெயர்த்ததால் வந்த பெயர் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகவே படுகிறது. ஜெரோமுக்கு முன்பே மக்கள் கையில் லத்தீன் விவிலியம் இருந்தது. ஊருக்கொரு பாடமாகத் திரிந்து கிடந்தது. அதிலுள்ள நற்செய்திகளைத் திருத்தித் தரும்படிதான் 382-இல் திருத்தந்தை தமாசுஸ் கேட்டார். பிறகு பெத்லகேமில் குடியேறிய ஜெரோம், 405 வாக்கில் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியை எபிரேயத்திலிருந்தே பெயர்த்து முடித்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் தம் எழுத்தில் 'வுல்காத்தா' என்று குறித்தது தம் நூலை அல்ல, அதற்கு முன்பே வழங்கிவந்த எழுபதின்மர் பெயர்ப்பை, அதாவது பழைய ஏற்பாட்டின் கிரேக்கப் பெயர்ப்பை!

அவருடைய நூல் அன்று ஊராருக்குப் புதுச்சரக்கு. விவிலியத்தில் யோனா என்ற இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடியைப் பழைய பாடம் சுரை என்றது. ஜெரோம் ஐவிக்கொடி என்றார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்ற ஊரில் (இன்றைய திரிப்போலி) ஆயர் இதை வாசித்ததும் கோவிலில் ஒரே கலவரம். சபையே கலைந்துவிடும் போலிருக்க, ஆயர் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று என்று அந்நாளைய இன்னொரு ஆயரான அகுஸ்தீன் ஜெரோமுக்கே எழுதுகிறார். தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்கு. ஜெரோம் தம் உரையில் வர்ணிக்கும் செடியும் ஏறக்குறைய அதுதான். அதற்கு லத்தீனில் பெயர் இல்லையென்று ஐவியைப் போட்டாராம்.

சில நூற்றாண்டுகள் ஓதி ஓதிப் பழகிய பின்புதான் இந்தப் பெயர்ப்பு எங்கும் பரவியது. 1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் இதையே 'பழைய, வுல்காத்தா பதிப்பு' என்று சொல்லி அதிகாரம் கொடுத்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கொச்சைப் பெயர்ப்பு' தவறு. அது 'வல்கர்' பக்கம் இழுத்துவிடும். 'பொது மொழிபெயர்ப்பு' என்றால் 1995-இல் வந்த திருவிவிலியம் நினைவுக்கு வரும். அங்கே 'பொது' என்பது பல கிறித்தவச் சபைகளுக்கும் பொது. 'உலக வழக்கு' என்றாலோ, வழக்கென்பது உயர்ந்தோர் மேற்று, அதாவது உயர்ந்தோரைச் சார்ந்தது, என்று தொல்காப்பியர் குறுக்கே வருவார். பலரிடமும் பரவி நிலைத்த வழக்குக்கு நம்மிடம் 'பெருவழக்கு' என்ற சொல் இருக்கிறது. ஆகவே 'பெருவழக்குப் பதிப்பு' என்பேன். பெயராகவே எழுதுவதென்றால் உல்காத்தா போதும். வகரத்தோடு உகரம் சேர்ந்து தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது.