காலையில் மட்டும் கடகடக்கும் இன்ஜின்

"இங்கே கொண்டுவந்தால் மட்டும் சத்தம் வருவதில்லை" என்று அந்த ஆசிரியர் சங்கடத்தோடு சொன்னார். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வதும் இதைத்தான். கோவை மேட்டுப்பாளையம் சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து வந்த வண்டி நன்றாகச் சூடேறியிருந்தது. அவர் சொன்ன சத்தமோ, காலையில் முதன்முதலாகச் சாவியைத் திருப்பும்போது இரண்டு மூன்று நொடி மட்டும் வருவது. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

மறுநாள் ஆறரை மணிக்கு உதவியாளரை பானட் அருகே நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டு உலுக்கியதுபோல் ஒரு கடகடப்பு. மூன்று எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது.

ஆசிரியர் இதற்கு முன் வண்டியை வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிக்கூடப் பார்க்காமல், டைமிங் செயின் போய்விட்டது, மொத்த செட்டையும் மாற்ற வேண்டும் என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செயின்மீது சந்தேகப்பட்டதில் தவறில்லை. சந்தேகத்தையே தீர்ப்பாக எழுதிக் கொடுத்ததில்தான் எனக்கு வருத்தம்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும், இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் ஒத்திசைவாகச் சுழலவைப்பது டைமிங் செயின். அது தொய்ந்துவிடாமல் அழுத்திப் பிடிப்பது டென்ஷனர். செயின் உள்ள பெரும்பாலான கார்களில் டென்ஷனரை இயக்குவது ஆயில் அழுத்தம்தான். வண்டி இரவெல்லாம் நிற்கும்போது ஆயில் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றி டென்ஷனரை நிரப்பும்வரை செயின் தளர்ந்து அடித்துக்கொள்ளும். ஆயில் பாதை முழுவதும் வற்றிவிடாமல் தடுக்கத்தான் பல ஆயில் ஃபில்டர்களுக்குள் ஒரு ரப்பர் வால்வு வைத்திருக்கிறார்கள். ஃபில்டர் படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட வண்டிகளில் இந்த வால்வு மிகவும் முக்கியம்.

ஆசிரியரின் வண்டியில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருந்தது. மீண்டும் ஓர் இரவு நிறுத்திவைத்து, கிளப்பாமலே அதைக் கழற்றினேன். உள்ளே நிறைந்திருக்க வேண்டிய ஆயில் ஏறக்குறைய இல்லை. வெட்டிப் பார்த்தால், வால்வின் ரப்பர் அப்பளம்போல் விறைத்திருந்தது. வெளியே பிரபல கம்பெனியின் பெயர், உள்ளே போலிச் சரக்கு. நல்ல ஃபில்டரும் புது ஆயிலும் போட்டேன். கேம் ஷாஃப்டும் கிராங்க் ஷாஃப்டும் சுழற்சியின் ஒத்திசைவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை ஸ்கேனரில் பார்த்தேன், அளவுக்குள்தான் இருந்தது. அடுத்த இரண்டு காலைகளிலும் சத்தம் இல்லை. கூலியோடு சேர்த்து 3,600 ரூபாய் ஆயிற்று.

இதைப் படித்துவிட்டு, ஃபில்டரை மாற்றினால் போதும் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். செயின் உண்மையிலேயே தேயும். அதன் கண்ணிகளை இணைக்கும் பின்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகத் தேய்ந்து, மொத்தத்தில் செயின் நீண்டுவிடும். அப்போது சத்தம் இரண்டு நொடியில் நிற்காது. இன்ஜின் சூடான பிறகும் தொடரலாம், இன்ஜின் விளக்கும் எரியலாம். அதைத் தள்ளிப்போட்டால் செயின் பல் தாண்டிவிடும். இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனுக்கும் இன்ஜின் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நேரம் தவறிய வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துபோனால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் 38,000 சிறிய தொகை.

சத்தத்தைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை: கடகட, லொடலொட, டக்டக், சடசட. ஆனால் உங்கள் கடகட எனக்கு லொடலொடவாகக் கேட்கலாம். அதனால் எப்படிப்பட்ட சத்தம் என்பதைவிட, அது எப்போது வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன். கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? மாறினால் கிளட்ச், கியர் பாக்ஸ் பக்கம் தேட வேண்டும். ஏசி போட்டதும் வருகிறதா? கம்ப்ரசரையும் பெல்ட் ஓடும் புல்லிகளையும் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பார்ப்போம். சத்தம் போய்விட்டால் இன்ஜின் நிரபராதி. பல வண்டிகளில் இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அதனால் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். குன்னூர் ஏற்றத்தில், பெரிய கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் கிணுகிணுவென்று கேட்டால், பெட்ரோல் வண்டியில் எரிபொருள் முறைதவறி வெடிக்கிறது என்று பொருள். முதலில் கியரைக் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பெட்ரோலின் தரம், கரிப் படிவு, சென்சார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வரும் சத்தத்தில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டி, சரியாக 1,800 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1,800 சுற்றில், சடசடத்தது. வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பெட்தான் என்று நினைத்து வால்வு மூடியைக் கழற்றினேன், இடைவெளிகளைச் சரிசெய்தேன், மூடினேன். சத்தம் அப்படியே இருந்தது. மறுபடியும் கழற்றினேன். இரண்டாம் நாள் மாலை, பட்டறையில் எடுபிடி வேலை பார்த்த சிறுவன் சைலன்சர் குழாய்க்கு மேலிருந்த வெப்பத்தடுப்புத் தகட்டை ஒரு குச்சியால் அழுத்தினான். சத்தம் நின்றது. துருப்பிடித்து போல்ட் விட்டுப்போன தகரம் அது! 30 ரூபாய் கிளிப்பில் வேலை முடிந்தது. அந்த இரண்டு நாள் கூலியை நான் கேட்கவே இல்லை. இன்றுவரை எந்தச் சத்தத்துக்கும், இன்ஜின் ஆறியிருக்கும்போது அந்தத் தகடுகளைக் கையால் தட்டிப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறேன். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பேன். உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்திருந்தால் டப்பாவுக்குள் கற்கள் உருள்வதுபோல் கேட்கும்.

இன்ஜினுக்கு உள்ளேதான் சத்தம் என்று உறுதியானால் அதன் தாளத்தைக் கவனிக்க வேண்டும். நின்ற இடத்தில் 800 ஆர்பிஎம்மில் ஓடும்போது கிராங்க் ஷாஃப்ட் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுகிறது. கேம் ஷாஃப்டுக்கு அதில் பாதி வேகம்தான். ஆகவே ஒரு டேப்பெட் மட்டும் தளர்ந்திருந்தால் நொடிக்கு ஆறேழு தட்டல் கேட்கும். கிராங்க் ஷாஃப்டின் வேகத்தில் வரும் தட்டல் நொடிக்குப் பதின்மூன்று, அதை யாராலும் எண்ண முடியாது; ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பழகிய காதுக்குத் தெரியும். இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. பழைய ஆட்கள் நீளமான திருப்புளியின் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ஓடும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகில் நீங்கள் அதை முயல வேண்டாம். துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவாயினும் உள்ளே இழுத்துவிடும்.

ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் ஆராய்ச்சி கூடாது. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கனமாக, டொக் டொக் என்று, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வலுக்கும் சத்தம் அது. கூடவே ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது உலோகமும் உலோகமும் உரசத் தொடங்கியிருக்கக்கூடும். வீடு 12 கிலோமீட்டர்தானே என்று ஓட்டிப் போன ஒருவரின் இன்ஜின் பிளாக்கில், உடைந்த ராடு துளைத்த ஓட்டைக்குள் என் கட்டைவிரல் போயிற்று. இழுவை வண்டிக்கு அவர் மிச்சப்படுத்த நினைத்தது 2,500 ரூபாய்.

கெட்டியான ஆயிலை ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் அடங்கும்தான். ஆனால் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால், காலைக் குளிரில் அது மேலே ஏற இன்னும் நேரம் எடுக்கும். எந்தத் தொல்லைக்காக ஊற்றினீர்களோ அதுவே கூடும். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஆயிலின் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். வாட்சாப்பில் கேள்வி கேட்பவர்களில் பலர் அதை இழுத்துப் பார்த்ததே இல்லை.

பட்டறைக்கு வரும்முன் செல்போனில் பதிவு செய்துகொண்டு வந்தால் பாதி வேலை குறையும். இரவெல்லாம் நின்ற வண்டியாக இருக்க வேண்டும். பானட்டைத் திறந்து, கையை உள்ளே நீட்டாமல், இரண்டடி தள்ளி ஒருவர் செல்போனைப் பிடித்துக்கொள்ளட்டும். சாவியைத் திருப்புவதற்கு முன்பே பதிவைத் தொடங்கி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஏசியையும் பாட்டையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். போன மாதம் வந்த ஒரு பதிவில் இன்ஜினைத் தவிர மற்ற எல்லாம் தெளிவாகக் கேட்டது.