கிராஃபைட்டுக்குள் குடியேறும் லித்தியம்: தொழிற்கூடங்களுக்கு வரும் பேட்டரிகள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் வாசகர் ஒருவர், "ஜெனரேட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, லட்சக்கணக்கில் செலவழித்து லித்தியம் பேட்டரி வாங்கச் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளிலும் மருத்துவமனைகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் எழக்கூடிய கேள்விதான் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செலவுக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் தருவது 3 முதல் 3.5 யூனிட்தான், டீசல் விலை 90 ரூபாயைத் தாண்டிவிட்டதால், எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 25 ரூபாய்க்கு மேல் ஆகிறது. உயர் அழுத்த இணைப்பு உள்ள ஆலைகள் காலை, மாலை உச்ச நேரங்களில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகின்றன. இரவில் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் இரவில் ஏற்றி மாலையில் இறக்கினாலே போட்ட பணம் திரும்பிவிடும் என்று விற்பவர் சொன்னால், அதை அப்படியே நம்ப வேண்டாம். ஏற்றி இறக்குவதில் 12 சதவீதம் வீணாவதாகக் கொண்டால், யூனிட்டின் அடிப்படைக் கட்டணத்தில் 17 சதவீதம் அளவே மிஞ்சும். கூரையிலுள்ள சூரியத் தகடுகளின் நண்பகல் உபரியை மாலைக்கு வைத்துக்கொள்வதும், டீசலைக் குறைப்பதும், பெரிய மோட்டார்கள் ஒருசேர ஓடும்போது டிமாண்ட் (ஒரே சமயத்தில் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவு) எகிறிவிடாமல் பேட்டரி தோள்கொடுப்பதும் சேர்ந்தால்தான் கணக்குக் கட்டுபடியாகும். அந்தக் கணக்கை யோசித்துப் பார்க்கவே வழிசெய்தது விலைச்சரிவு: 2010 வாக்கில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேலிருந்த லித்தியம் பேட்டரி அடுக்கின் உலகச் சராசரி விலை, 2024இல் சுமார் 115 டாலருக்கு இறங்கியது.

இனி பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். தொழிற்கூடங்களுக்கு இப்போது பெரும்பாலும் வருபவை, 3.2 வோல்ட் அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்களை அடுக்கியவை. ஒரு பக்கம் இரும்பு பாஸ்பேட், மறுபக்கம் கிராஃபைட், நடுவே நுண்துளைத் தடுப்பும் உப்பு கரைந்த திரவமும். சார்ஜ் ஏறும்போது பாஸ்பேட்டிலிருக்கும் இரும்பு ஓர் எலக்ட்ரானைக் கம்பி வழியே அனுப்ப, அங்கிருக்கும் லித்தியம் அயனியாக, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுவாக, திரவத்தைக் கடந்து கிராஃபைட்டுக்குள் புகுகிறது. இறங்கும்போது இரண்டும் வந்த வழியே திரும்புகின்றன.

என்னை எப்போதும் வியக்க வைப்பது, அந்தக் கிராஃபைட்டுக்குள் லித்தியம் குடியேறும் ஒழுங்குதான். பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட், அப்பளக் கட்டைப் போல மெல்லிய கரித்தாள்கள் அடுக்கப்பட்ட பொருள். தாளுக்கும் தாளுக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர், லித்தியம் நுழைந்தால் அது 0.37 வரை விரிகிறது. இறுகிய இடைவெளியைத் திறக்க ஆற்றல் செலவாகும் என்பதால், புதிதாக வரும் லித்தியம், ஏற்கெனவே திறந்திருக்கும் இடைவெளியில் சேர்வதையே நாடுகிறது. ஆகவே முதலில் சில இடைவெளிகள் விட்டு ஒன்று, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று, கடைசியில் எல்லாமே என்று படிப்படியாக நிரம்பி, ஆறு கரி அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற நிலையில் இடம் தீர்ந்துவிடுகிறது. இந்தப் படிகளைக் கண்ணாலேயே காணலாம். கண்ணாடிச் சாளரம் வைத்த ஆய்வக மின்கலத்தை நுண்ணோக்கியின் கீழ் சார்ஜ் செய்தால், கருநிறக் கிராஃபைட் முதலில் கருநீலமாகி, பாதி நிரம்பியதும் சிவந்து, முழுதும் நிரம்பியதும் பொன்னிறமாகிறது! சார்ஜ் இறங்க இறங்க அந்த நிறங்கள் பின்னோக்கி மாறி, கிராஃபைட் மீண்டும் கறுக்கிறது.

பேட்டரியைக் கையாளும் விதிகள் பலவற்றுக்கு இங்கேதான் வேர். அவசரமாக சார்ஜ் ஏற்றினால், விளிம்பு பொன்னிறமாகி நிரம்பிவிட்டபோதும் உள்ளே நீலமாகவே இருக்கும். நுழைய இடமில்லாத லித்தியம் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து கொள்ளளவைத் தின்னும். கிராஃபைட்டின் மேல் முதல் சில சார்ஜிலேயே உருவாகும் மெல்லிய படலம் திரவத்தின் தாக்குதலிலிருந்து அதைக் காக்கிறது. வெப்பம் கூடினால் அப்படலமே தடித்து, பயன்பட வேண்டிய லித்தியத்தைச் சிறைபிடித்துவிடும். 25 டிகிரியை விரும்பும் மின்கலத்தை, வெளியிலேயே 40 டிகிரி தொடும் நம் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே வாரண்டித் தாளில் எத்தனை ஆண்டுகள் என்பதோடு, எந்த வெப்பநிலைக்கு என்பதையும் பார்த்து வாங்குங்கள். முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்ற நம்பிக்கை பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளோடு வந்தது; லித்தியத்துக்கு அது கேடே செய்யும். படித்தவர்கள்கூட இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தீ பற்றிய அச்சத்துக்கும் ஒரு சொல். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் வெளியேறித் தீயை வளர்ப்பதில்லை. ஆனாலும் ஆபத்தே இல்லை என்று பொருளில்லை, காற்றோட்டமும் கண்காணிப்பும் கட்டாயம். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை மின்கலப் பொருளாக 1997இல் உலகுக்கு அறிவித்த டெக்சாஸ் குழுவின் தலைவர் ஜான் குட்எனஃப், லித்தியம் அயனி பேட்டரிகளுக்காக 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

மதுரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் வாங்கும் மின்கலங்களில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்பட்டவை. பேட்டரிக்கு மானியம் கேட்கும் நம் தொழில்முனைவோர் சங்கங்கள், நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ற திரவத்தையும் படலத்தையும் உருவாக்கும் ஆய்வுக்கும் அதே உறுதியுடன் நிதி கேட்க வேண்டும், தாங்களும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.