எஸ்டேட் சேல்: தமிழில் எப்படிச் சொல்வது?

கோயம்புத்தூரில் யாரிடமாவது "எஸ்டேட் சேல்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வால்பாறைத் தேயிலைத் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். தொழில் செய்கிறவராக இருந்தால் குறிச்சி சிட்கோ இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதோ ஷெட் விலைக்கு வருகிறது போல என்று காதைத் தீட்டுவார், ரியல் எஸ்டேட் புரோக்கர் "எத்தனை சென்ட்டுங்க?" என்பார். மூன்றும் இல்லை. அமெரிக்காவில் ஒருவர் இறந்துவிட்டாலோ, வயதாகி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாலோ, அந்த வீட்டுக்குள் இருக்கிற கட்டில், பீரோ, பீங்கான், சுவர்க் கடிகாரம், நகை, சமையல்கட்டுக் கரண்டி வரைக்கும் அதே வீட்டில் வைத்து இரண்டு மூன்று நாளில் விற்றுத் தீர்ப்பார்கள். அதற்குத்தான் எஸ்டேட் சேல் என்று பெயர். நிலம் அதில் வராது.

அப்புறம் எஸ்டேட் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'ஸ்டேட்டஸ்' என்றால் நிற்கிற நிலை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒருவருடைய நிலை, அந்தஸ்து, அந்தஸ்துக்குக் காரணமான சொத்து என்று பொருள் நகர்ந்துகொண்டே வந்தது. சட்டத்தில் அது இறந்தவர் விட்டுப்போன மொத்த உடைமையையும் குறிக்கும். இந்தப் பொருள் நமக்கும் புதிது இல்லை: 1953இல் கொண்டுவந்து 1985இல் கைவிட்ட 'எஸ்டேட் டியூட்டி' என்ற வரி, இறந்தவர் சொத்தின் மேல் போட்ட வரிதான். வரி போனது, அந்தப் பொருளும் பேச்சில் இருந்து போய்விட்டது, தேயிலை மட்டும் மிஞ்சியது.

இதைத் 'தோட்ட விற்பனை' என்று மொழிபெயர்த்தால் கொங்கு நாட்டில் கதையே வேறு. இங்கே மழையை நம்பி விதைக்கிறது காடு, கிணற்றுப் பாசனம் இருக்கிறது தோட்டம். 'தோட்டம் விற்பனைக்கு' என்று பார்த்துவிட்டு வருகிறவர் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, போர் எத்தனை அடி என்று கேட்பாரே தவிர, வெண்கலக் கும்பாவைத் திரும்பியும் பார்க்க மாட்டார். 'சொத்து விற்பனை' என்றாலும் வீடும் வயலும்தான் கண்ணில் வரும். இதற்கு நம்மிடம் நல்ல சொல் ஒன்று சும்மா கிடக்கிறது, தட்டுமுட்டு. வீட்டில் புழங்குகிற சாமான் அத்தனையும் தட்டுமுட்டுச் சாமான். ஆகவே 'தட்டுமுட்டு விற்பனை', இறந்தவர் வீடு என்று சொல்லவேண்டிய இடத்தில் 'இறந்தவர் வீட்டுத் தட்டுமுட்டு விற்பனை'. மலிவுச் சரக்கு மாதிரி ஒலிக்கிறதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஒலிக்கட்டும். அந்த விற்பனையில் நெளிந்த டம்ளரும் நூறு வருஷத்துக் கடிகாரமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

இதையே ஏலம் என்று சொல்லிவிடலாமே என்றால், அது வேறு முறை. எஸ்டேட் சேலில் ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும், முதல் நாள் முழு விலை, கடைசி நாள் பெரும்பாலும் பாதி விலை, நடத்துகிற கம்பெனிக்கு விற்ற பணத்தில் ஒரு பங்கு. சில இடங்களில் பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். சொன்ன விலை கட்டாது என்று நினைக்கிறவர் தன் விலையைச் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம். பொருள் விற்காமல் நின்றால் அதிகம் எழுதியவருக்குப் போகும். ஈரோட்டுப் பக்கம் அவல்பூந்துறையில் கொப்பரை விற்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கிற மறைமுக ஏலம் கிட்டத்தட்ட இதுதான்.

ஏலம் என்பதே நம் சொல் இல்லை என்பது தனிக்கதை. போர்ச்சுகீசிய 'லெய்லாவ்' தமிழில் ஏலம் ஆனது, மலையாளத்தில் முதல் லகரத்தை விடாமல் 'லேலம்' என்கிறார்கள், இந்தியில் 'நீலாம்'. அதற்கும் மூலம் அறிவித்தல் என்று பொருள்படும் அரபுச் சொல் என்கிறார்கள். ஏலக்காயின் ஏலத்துக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. இத்தனை காலம் புழங்கியபின் மாற்றவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம் ஊரில் ஏலம் என்றால் கடன் வாசனை அடிக்கும். அடகு நகை ஏலத்துக்குப் போனது, வீடு ஏலத்துக்கு வந்தது என்றுதான் கேட்டுப் பழக்கம். செத்துப்போன அப்பாவின் சாமானை வாசலில் வைத்து விற்றால் "முழுகிப்போயிட்டாங்களாட்ட இருக்குது" என்று ஊர் பேசிவிடும். அதனால் பாகப்பிரிவினையில் வந்ததை அவரவர் எடுத்துக்கொள்வார்கள், மிஞ்சின அண்டாவும் குண்டாவும் பாத்திரக்கடைத் தராசில் ஏறும், தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கிறபோது கதவும் தூணும் பழைய மரக்கடைக்குப் போகும்.

தராசில் ஏறுவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பித்தளை கிலோ இவ்வளவு, கழிவு போக இவ்வளவு என்று முடித்துவிடுகிறார்கள். பழம்பொருள் விலை எடையில் இல்லை. எவ்வளவு பழசு, எவ்வளவு அபூர்வம், உடையாமல் இருக்கிறதா, யார் செய்தது, யார் கையில் இருந்து வந்தது, வாங்க ஆள் இருக்கிறதா, இவைதான் விலை. யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்பதை ஆங்கிலத்தில் 'ப்ராவனன்ஸ்' என்கிறார்கள், தமிழில் 'கைமாறிய வரலாறு' என்று சொல்லிக்கொள்ளலாம். 1744இல் தொடங்கிய சதபீஸும் 1766இல் தொடங்கிய கிறிஸ்டீஸும் லண்டனில் பிறந்த ஏலக் கம்பெனிகள், தங்கள் ஏலப் பட்டியலில் அதைத் தனியாகவே அச்சடிப்பார்கள். நம் வீட்டில் அது பாத்திரத்திலேயே இருக்கும்! சீர்ப் பாத்திரத்தின் கழுத்தில் இனிஷியலோடு பேர் வெட்டியிருப்பார்களே, அதேதான். சிலதில் வருஷமும் இருக்கும். விற்கப் போகுமுன் இன்னொரு காரியமும் செய்வோம், புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுவோம். காலம் ஏற்றிய நிறம்தான் வயதுக்கு ஒரு சாட்சி, பல பொருளில் அதை உரித்தால் விலை இறங்கும்.

நகைக்கடையில் 'ஆன்டிக்' என்று மாட்டிவைத்திருப்பதை இதோடு சேர்க்காதீர்கள். அது பெரும்பாலும் இப்போது செய்து மங்கல் மெருகு கொடுத்த புது நகை. லத்தீன் மூலத்தில் 'ஆன்டிக்' என்றால் முற்காலத்தது. அதற்கு வீட்டுப் பொருளில் 'பழம்பொருள்' சரியாக இருக்கும். 'தொல்பொருள்' என்பதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டும், அது அகழாய்வுக்கும் சட்டத்துக்கும் உரிய சொல். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி சிலை, ஓவியம், நாணயம் போன்றவை நூறு வருஷம் தாண்டினால் தொல்பொருள், மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 வருஷமே போதும். தொல்பொருள் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. மண்ணுக்குள் இருந்து எடுத்தது என்றால் சட்டம் இன்னும் பழையது. வெள்ளலூரிலும் கரூரிலும் ரோமானியக் காசு கிடைத்த மண் இது. புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். அப்படிக் கிடைத்ததைத் தட்டுமுட்டு என்று சொல்லி விற்க முடியாது.