ஆற்றுக்கும் ஏரிக்கும் ஒரே கனூ: அடிப்பகுதியைப் பார்த்து வாங்குங்கள்

துடுப்பால் செலுத்தும் மேல்மூடாத படகான கனூவை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். கரையோரத் தண்ணீரில் கிடக்கும் படகில் ஏறி, இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்ப்பார்கள். ஆடவில்லை என்றால் முகம் மலர்ந்துவிடும். துடுப்புப் பயிற்சி கொடுக்கும் எனக்குக் கவலை தொடங்குவது அங்கேதான்.

அப்படி ஆடாமல் நிற்பது தட்டையான அடி கொண்ட படகு. அது எப்போதும் நீர்ப்பரப்போடு ஒட்டியே படுக்கப் பார்க்கும். பரப்பு சமமாக இருக்கும்வரை படகும் சமம். பக்கவாட்டில் அலை வந்து பரப்பே சரிந்தால், படகும் கூடவே சரியும்; ஓர் அளவைத் தாண்டியதும் பிடிமானம் சட்டென்று போய்விடும். லேசாக வளைந்த அடி நேர்மாறானது. ஏறிய உடனே கொஞ்சம் ஆடும், புதியவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் சாயச் சாய விலாப்பகுதி தண்ணீரில் அழுந்தி, படகைத் தாங்கிக்கொள்ளும். அலை அடியில் புகுந்து போகும்போது இடுப்பைத் தளர்த்திக்கொண்டு நாம் நிமிர்ந்தே இருக்கலாம்.

என்னிடம் பயின்ற ஒரு தம்பதி தட்டை அடிப் படகுதான் வைத்திருந்தார்கள். காலையில் கண்ணாடி போல் கிடந்த ஏரி. மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. கரைக்குத் திரும்பும் அவசரத்தில் அலைக்குப் பக்கத்தைக் காட்டிவிட்டார்கள். அடுத்த நொடி இருவரும் தண்ணீரில். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் ஆபத்தில்லை. கரையேறியதும் அந்த அம்மா சொன்னது: "அது சாயுதுன்னே தெரியல சார்."

அடுத்தது ராக்கர், அதாவது முனைகளின் தூக்கல். படகைச் சமதரையில் வைத்து, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். ஆடும் நாற்காலியின் கால் போல இரு முனைகளும் மேலே தூக்கியிருக்கும். நிறையத் தூக்கியிருந்தால் ஆற்றில் பாறைக்கு முன்னால் சட்டென்று திரும்பும். ஏரியிலோ ஒவ்வொரு வீச்சுக்கும் மூக்கு அலைபாயும், காற்று முனையைப் பிடித்துத் தள்ளும். தூக்கலே இல்லாதது ஏரியில் அம்பு போலப் போகும், ஆற்று வளைவில் திரும்ப மறுக்கும். இரண்டுக்கும் ஒரே படகு என்றால் முனைகளில் 3 முதல் 5 செ.மீ. தூக்கல் போதும் என்பது என் கணக்கு.

நீளம், இருவருக்கு 16 அடி. 17 அடியும் நல்லதுதான், ஏரியில் இன்னும் விரையும். குறுகிய ஆற்றில் அந்த ஓரடி இடைஞ்சல். நடு ஆழம் 35 செ.மீ. அளவில் இருக்கட்டும். விளிம்பு மிக உயர்ந்தால் காற்றுக்கு அது பாய்மரம். அடியில் நீளவாக்கில் வரம்பு போலத் துருத்தும் ஏரா வேண்டாம், ஆற்றில் பாறை அதைப் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரே வடிவமாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு: தனியாகப் போகும்போது பின்முனையை முன்முனையாக்கி, முன் இருக்கையில் பின்புறம் பார்த்து உட்கார்ந்தால் எடை ஏறக்குறைய நடுவுக்கு வந்துவிடும்.

பொருளைப் பொறுத்தவரை, பல ஆண்டுகள் ஆற்றுக்காரர்களின் செல்லமாக இருந்த ராயலெக்ஸ் என்ற பல அடுக்கு பிளாஸ்டிக் 2014-இல் உற்பத்தி நின்றுபோனது. இன்று அந்த இடத்தில் அதே போன்ற டி-ஃபார்மெக்ஸ். பாறையில் மோதினாலும் உள்வாங்கி மீளும். கெவ்லார் என்ற இழைப்பொருள் லேசு, தோளில் தூக்கிப் போக சுகம். ஆழமில்லாத கல் ஆற்றில் மனசு பதறும். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் மலிவு, முரடு, ஆனால் கனம்.

இத்தனை பார்த்து வாங்கினாலும் இப்படிப்பட்ட படகு, ஆற்றுச் சுழிப்பின் கடுமையைச் சொல்லும் அளவுகோலில் இரண்டாம் நிலை வரையிலான ஓட்டத்துக்குத்தான். மூன்றாம் நிலைச் சுழிப்புகளுக்கு நுரைத்துப் பாயும் ஆற்றுக்கென்றே செய்த படகும் தனிப் பயிற்சியும் வேண்டும். கவிழ்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: நீர் நிரம்பிய கனூவின் எடை சில நூறு கிலோ. நீரோட்டம் வரும் பக்கமே இருங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள்.

வாங்கும் முன் வெற்றுப் படகை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பிய கேன்களை உங்கள் மூட்டைமுடிச்சின் எடைக்கு ஏற்றி, உடன்வருபவரையும் உட்காரவைத்து, கொஞ்சம் காற்றுள்ள நாளில், லைஃப் ஜாக்கெட்டோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குங்கள். இருவரும் மண்டியிட்டு, விளிம்பு தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கும்வரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அங்கே படகு உங்களைத் தாங்கி நிற்கிறதா, நழுவுகிறதா என்பதை உங்கள் முழங்காலே சொல்லிவிடும்.